பொழுது சாய்வதற்குள் முடிவெடுங்கள்

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் செய்கிறவர்கள் முதலில் சொல்வது எண்ணைத்தான். "102 காட்டுகிறது, நர்ஸம்மா." நான் அதைக் கேட்டுக்கொண்டு வேறு கேள்விகளுக்குப் போவேன். பால் குடிக்கிறதா? கூப்பிட்டால் முகத்தைப் பார்க்கிறதா? மூச்சு எப்படி வாங்குகிறது? கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது? இவற்றுக்கெல்லாம் நல்ல பதில் வந்தால் 102 டிகிரியோடும் அந்தப் பிள்ளையை இன்றிரவு வீட்டில் வைத்துப் பார்க்கலாம். ஒன்றுக்குப் பதில் சரியில்லை என்றால், தெர்மாமீட்டர் 99தான் காட்டினாலும், வண்டியைக் கூப்பிடுங்கள் என்பேன். காய்ச்சலின் உயரம் நோயின் கடுமையைச் சொல்லிவிடாது. பிள்ளை இருக்கும் இருப்புதான் சொல்லும்.

மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நான் தடுப்பூசி போட்ட கைக்குழந்தைகள் இன்று தாய்மார்களாகி, தங்கள் பிள்ளைகளுக்காக நடுராத்திரியில் என்னை எழுப்புகிறார்கள். எழுப்பட்டும். அவர்களுக்குப் போனில் அவசரமாகச் சொல்வதை ஓரிடத்தில் நிதானமாக எழுதிவைக்கிறேன். பெற்றவர்கள் மட்டுமல்ல, அப்பத்தாக்களும் அம்மாச்சிகளும் யாரையாவது வாசிக்கச் சொல்லி இதைக் கேட்கவேண்டும். கடல்பாசி எடுக்கத் தாய் விடியலில் போய்விட்டால், கடலுக்குப் போன தகப்பன் மறுநாள்தான் கரை திரும்புவான் என்றால், பகல் முழுக்கப் பிள்ளை இருப்பது அவர்கள் மடியில்தான்.

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்குச் சுமார் 55 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல். 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை தீவில் நோயுற்ற பிள்ளையை ரயிலிலோ படகிலோதான் அக்கரைக்குக் கொண்டுவரவேண்டும். 2008இல் 108 வண்டி வந்தது. 2022 ஜனவரியில் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். சாலை, வண்டி, மருத்துவமனை என்று வெளியே இருந்த குறைகள் பெருமளவு தீர்ந்திருக்கின்றன. பிரசவத்தில் தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் என்ற இருவர் 1994இல் மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: போவதா என்று முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைப்பதில். பிள்ளைகளுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. முதல் தாமதம் நம் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. அதை எந்த அரசாங்கமும் பாலம் கட்டிக் கடக்கவைக்க முடியாது.

ஆகவே தூரத்தில் இருக்கும் நாம், மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர்களைவிட முன்னதாக முடிவெடுக்கவேண்டும். மாலையில் காய்ச்சல் ஏறும். இருட்டியபின் பஸ் குறையும். துணைக்கு வரும் ஆளும் குறையும். "இரவு பார்ப்போம், காலையில் போவோம்" என்பது நகரத்தில் இருப்பவர் சொல்லலாம். நாம் மாலை நான்கு, ஐந்து மணிக்கே பிள்ளையை வெளிச்சத்தில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, தலை முதல் கால்வரை பார்க்கவேண்டும். சந்தேகம் இருந்தால் அப்போதே கிளம்பவேண்டும். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால், புயல் கண்ணுக்குத் தெரியட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை; படகைக் கரையேற்றிவிடுகிறோம். பிள்ளை உடம்பிலும் அப்படிக் கூண்டு ஏறும் இடங்கள் இருக்கின்றன.

முதலில் மூச்சு. சளி, இருமல் என்று வரும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குச் சாதாரணச் சளிதான். நிமோனியாவாக மாறும் சிலரைப் பிரித்தெடுக்க ஸ்டெதஸ்கோப் வேண்டாம், கைப்பேசிக் கடிகாரம் போதும். அழாமல் இருக்கும்போது, முடிந்தால் தூங்கும்போது, சட்டையை மேலே தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிக்காதீர்கள். சின்னக் குழந்தைகள் விட்டுவிட்டு மூச்சு வாங்குவார்கள், கணக்கு தப்பிவிடும். இரண்டு மாதத்துக்குள் இருந்தால் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை 40. இந்த அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமூச்சு என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு. செவிலியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். வேகமூச்சு இருந்தால் அன்றைக்கே மருத்துவர் பார்க்கவேண்டும்.

எண்ணுவதற்கே நேரம் செலவழிக்கக்கூடாத நிலையும் உண்டு. மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா? மூக்கு விடைக்கிறதா? ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுகிறதா? அமைதியாக இருக்கும்போதும் தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கிறதா? உதடும் நாக்கும் நீலம் பாரித்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108. நம் பக்கத்தில் இதைக் கணை என்றும் இழுப்பு என்றும் சொல்லி, நெஞ்சில் சூடாக எண்ணெய் தடவிக் காத்திருப்பார்கள். நெஞ்சில் தடவுவது போகட்டும். மூக்கில் எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள் என்று நான் குரல் உயர்த்தியே சொல்லியிருக்கிறேன். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி அதுவே நிமோனியாவை உண்டாக்கும். குளிப்பாட்டும் பாட்டிமார் கை சுத்தமான கைதான், அன்பான கைதான்; ஆனாலும் மூக்குக்குள் எண்ணெய் கூடாது.

அடுத்தது வாந்தியும் வயிற்றோட்டமும். வயிற்றோட்டத்தில் பிள்ளையைக் கொல்வது நீர் வற்றுவது. 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோரம் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் திலீப் மஹலநாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். கொடுத்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் சொந்தக்காரர்கள், டம்ளரில் மொண்டு கொடுத்தார்கள். சாவு விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் மறைந்தபின் 2023இல் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். துணை சுகாதார நிலையத்தில் நாங்கள் இலவசமாகக் கொடுக்கும் அந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் நீரில் கலக்கவேண்டும். பாதியைக் கொட்டி ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு மிகுந்துவிடும்.

நம் கடற்கரைக்கென்று இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. பாடப்புத்தகத்தில் 'சுத்தமான நீர்' என்று போட்டிருக்கும். நம் ஊரில் கொதிக்கவைத்துச் சுத்தமாக்கிய நீரும் உவர்நீராக இருக்கலாம். கிணற்றிலும் அடிகுழாயிலும் உப்புக் கரிக்கும் நீரில் ஓ.ஆர்.எஸ். கலக்காதீர்கள், கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த நாளில் பிடித்துவைத்தது, இல்லையென்றால் குடிப்பதற்கென்று விலைக்கு வாங்கும் குடத்து நீர், அதில்தான் கலக்கவேண்டும். கடையில் பெட்டியில் அடைத்து விற்கும் இனிப்பு பானங்களும் ஓ.ஆர்.எஸ். ஆகாது. பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போட்டு அவற்றை விற்கக்கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது.

ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து இன்னும் மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். அவ்வளவு செய்தும் குடித்தது எல்லாம் வெளியே வருகிறது, அல்லது குடிக்கவே தெம்பில்லை என்றால் கிளம்பவேண்டும். கண் குழிவிழுந்திருப்பது, அழுதால் கண்ணீர் வராதது, உச்சிக்குழி பள்ளமாக இறங்கியிருப்பது, ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே படியாமல் நிற்பது, மலத்தில் ரத்தம். இதெல்லாம் கூண்டு ஏறிவிட்ட அறிகுறிகள். உச்சிக்குழி இறங்கினால் 'உச்சி விழுந்துவிட்டது' என்று தூக்கி நிறுத்த ஆள் தேடுகிறார்கள். குடிக்க நீர் கேட்கிறது அந்த உடம்பு. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கப் போய், விரல் விட்டு, வற்றிக்கிடந்த பிள்ளையை மேலும் வாந்தி எடுக்கவைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாசலில் நின்று அழாமல் வந்ததில்லை.

காய்ச்சலுக்கு வருகிறேன். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் எண்ணே போதும்: 100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால், சிரித்து விளையாடினாலும், அன்றிரவே மருத்துவமனை. பிறந்த குழந்தை சில்லென்று குளிர்ந்து போவதும் அதே அளவு ஆபத்து. பால் சப்புவது திடீரென்று குறைந்தால், தொட்டு எழுப்பினால்தான் அசைகிறது என்றால், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வந்தால், உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள் பரவினால், ஆண்டவன் பெயரைச் சொல்லிக் கிளம்பிவிடுங்கள்.

பெரிய பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்து வெப்பம் இறங்கியபின் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டால் கொஞ்சம் நிம்மதி. அதற்காகக் கண்ணை எடுத்துவிடக்கூடாது. வெப்பம் இறங்கியும் துவண்டே கிடந்தால் காத்திருக்க வேண்டாம். மருந்து கொடுக்கும்போது பாட்டிலை வாசியுங்கள். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் பெரும்பாலும் 5 மில்லியில்தான் 125 அல்லது 250 மில்லிகிராம். அக்கா பிள்ளைக்கு எழுதிய சிரப் அளவைத் தம்பி பிள்ளையின் சொட்டு மருந்தில் ஊற்றினால் இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ போய்விடும். எடைக்குத்தான் மருந்து, வயதுக்கு அல்ல. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.

டெங்குவைத் தனியாகச் சொல்லவேண்டும். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊர் என்பதால் டிரம்மிலும் தொட்டியிலும் குடத்திலும் பிடித்து வைக்கிறோம். அந்த நல்ல நீரில்தான் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. டெங்குவில் பயப்படவேண்டிய நேரம் காய்ச்சல் கொதிக்கும் நேரமல்ல, காய்ச்சல் விடும் நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லோரும் அம்மாடி என்று மூச்சுவிடுவார்கள். அப்போது வயிற்றுவலி, நில்லாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தக்கசிவு, சில்லிட்ட கைகால், சிறுநீர் குறைவு, காரணமில்லாத எரிச்சல் அல்லது மயக்கம் தெரிந்தால் அது குணமல்ல. காய்ச்சல் மூன்று நாள் தாண்டினாலே பகலில் போய் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு வாருங்கள்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம். கையில் சாவி கொடுப்பதால் எதுவும் ஆகாது. அந்த நேரத்தில் ஒருவர் 108க்குப் போன் செய்யட்டும். காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானே நின்றுவிடும். நின்றாலும், முதல்முறை என்றால் மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும்.

கோடையில் தரையில் பாய் விரித்துத் தூங்கும் பிள்ளைகளைப் பற்றி ஒரு கவலை எனக்கு எப்போதும் உண்டு. கட்டுவிரியன் இரவில் வரும். கடித்தால் வலி அதிகம் தெரியாது, பல் பட்ட தடமும் பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. விடியற்காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று அழும், வாந்தி எடுக்கும். வீட்டில் அஜீரணம் என்று ஓமத்தண்ணீர் கொடுப்பார்கள். பிறகு கண் இமை செருகும், எச்சில் விழுங்கச் சிரமப்படும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சுக்கு உதவும் தசைகள் நின்றுபோகும். நன்றாகத் தூங்கப்போன பிள்ளை காலையில் இமையைத் தூக்க முடியாமல் எழுந்தால் பாம்புக்கடியை நினையுங்கள், கடி தெரியவில்லை என்றாலும். கயிறு இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், நடக்கவிடாதீர்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறது. செந்தேள் கொட்டி உடம்பு வியர்த்துக் கைகால் சில்லிட்டாலும், மண்ணெண்ணெய் குடித்துவிட்டாலும், பொம்மைக்குள் இருக்கும் வட்டமான பேட்டரியை விழுங்கினாலும், நீரில் மூழ்கி எடுத்த பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் வேறு அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்கவைக்காதீர்கள்.

இவ்வளவும் பல தாய்மார்களுக்குத் தெரியும். தெரிந்தும் கிளம்பாமல் இருப்பதற்குக் காரணம், முடிவெடுக்கும் உரிமை தன்னிடம் இல்லை என்று அவள் நினைப்பதுதான். ஒரு மாலை, தீவில் ஒரு வீட்டுக்குக் கணக்கெடுப்புக்காகப் போனேன். எட்டு மாதக் குழந்தை தொட்டிலில் கிடந்தது. நெஞ்சைப் பார்த்ததும் நான் எண்ண ஆரம்பித்தேன். 68 வந்தது, விலாவுக்குக் கீழே குழியும் விழுந்தது. உடனே போகவேண்டும் என்றேன்.

"அவர் நேற்று ராத்திரி போனவர், விடிந்ததும் வந்துவிடுவார், அக்கா. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி?" என்றாள் தாய்.

மாமியார் அடுப்படியிலிருந்து வந்தார். "சளிதானம்மா. ஓதி ஊதியிருக்கிறோம். கையில் காசும் இல்லை. அவன் வரட்டும்."

அந்த அம்மா கல்நெஞ்சக்காரி இல்லை. பேரப்பிள்ளை முனகும் சத்தத்துக்கு அவர் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. தன் காலத்தில் வண்டியும் கிடையாது, காசில்லாமல் வைத்தியமும் கிடையாது. அந்தக் கணக்கிலேயே நின்றுவிட்டார். நான் அவரை உட்காரவைத்து, அவர் கையையே குழந்தையின் வயிற்றில் வைத்து எண்ணச் சொன்னேன். எண்ணிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, மருமகளிடம், "சேலையை மாற்று" என்றார். அவரே வண்டியில் கூட ஏறினார். ஆக்சிஜனும் மருந்தும் ஏற்றியதில் குழந்தை பிழைத்து வீடு திரும்பியது.

அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் நல்ல நாளிலேயே இதைப் பேசிவைக்கச் சொல்கிறேன். கடலுக்குப் போகும் முன் தகப்பன், வீட்டுப் பெரியவர்கள் காதில் விழும்படி, மனைவியிடம் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போகட்டும்: "பிள்ளைக்கு முடியவில்லை என்றால் என்னைக் கேட்கவேண்டாம், கூட்டிக்கொண்டு போ." அந்த ஒரு அனுமதி இருந்தால் எத்தனையோ இரவுகள் மிச்சமாகும். உண்மையில் அவளுக்கு அனுமதியே தேவைப்படக்கூடாது என்பது என் எண்ணம். அந்தக் காலம் வரும்வரை இதையாவது செய்யுங்கள். காசுக்காகக் காத்திருக்க வேண்டாம். 108 இலவசம், அரசு மருத்துவமனையில் சேர்ப்பதும் இலவசம். தோட்டை அடகுவைக்கக் கடை திறக்கட்டும் என்று ஒரு இரவைக் கடத்தாதீர்கள். வேண்டுதலையும் நான் தடுப்பதில்லை. ஏர்வாடிக்கு நேர்ந்துகொள்ளுங்கள், மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடியுங்கள், மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேருங்கள். வண்டியில் போய்க்கொண்டே நேர்ந்துகொள்ளலாம்.

எங்கே போவது என்பதிலும் ஒரு வார்த்தை. "இங்கே போனால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடுவார்கள், நேராக மதுரைக்கே போய்விடலாம்" என்று வாடகைக் கார் பிடிக்கிறார்கள். மூச்சுத்திணறும் பிள்ளைக்கு மதுரைவரை தாங்காது. ஆக்சிஜனும் மருத்துவரும் இருக்கும் மிக அருகிலுள்ள இடத்துக்கு முதலில் போங்கள். அங்கே முதல் மருந்து போட்டு, ஆக்சிஜனோடு 108இல் ஏற்றி அனுப்புவது, அனுப்பிவிட்டார்களே என்று வருந்தவேண்டிய விஷயம் அல்ல. போகும்போது தடுப்பூசி அட்டையும் கொடுத்த மருந்து பாட்டில்களும் கையோடு போகட்டும். வலிப்பு எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை முறை வாந்தி, கடைசியாக எப்போது பால் என்று போனிலேயே குறித்துக்கொள்ளுங்கள். 108இல் தெருப்பெயர் சொன்னால் ஓட்டுநருக்குத் தெரியாமல் போகலாம். கோயில், பள்ளிவாசல், தண்ணீர்த்தொட்டி, எது பக்கமோ அதைச் சொல்லி, ஒரு ஆளை டார்ச்சுடன் சாலையில் நிறுத்துங்கள். கிளம்புவதா வேண்டாமா என்றே தெரியவில்லை என்றால் மருத்துவ ஆலோசனைக்கான 104க்குப் பேசலாம்; மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் 104 வேண்டாம், நேரே 108.

காலையில் பார்த்து, "சாதாரணச் சளி" என்று மருந்து கொடுத்து அனுப்பியிருப்பார்கள். மாலையில் பிள்ளை மோசமாகும். "இப்போதுதானே பார்த்துவிட்டு வந்தோம், மறுபடி போனால் திட்டுவார்கள்" என்று ஒடுங்கிக்கொள்கிறீர்கள். காலையில் மருத்துவர் பார்த்தது காலையில் இருந்த பிள்ளையை. மாலையில் மாறியதை நீங்கள்தான் பார்க்கிறீர்கள், அதை அவருக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை. மறுபடி போங்கள். சீட்டைக் காட்டி, "காலையில் பால் குடித்தது, மதியத்திலிருந்து குடிக்கவில்லை, மூச்சு 54 வருகிறது" என்று சொல்லுங்கள். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும், அங்கேயே உட்காருங்கள்.